'இம்ப்ளிசிட்' : மடித்து வைத்த பொருள்

ஆங்கிலச் சொற்களுள் சில பொருள்களைக் குறிக்கும். சில, பொருள் உணர்த்தப்படும் முறையைக் குறிக்கும். 'இம்ப்ளிசிட்' என்பது இரண்டாம் வகையைச் சார்ந்தது. வாயாற் கூறப்படாமலும் எழுத்தில் இடப்பெறாமலும், கூறியதனுள்ளேயே அடங்கிக் கிடக்கும் கருத்தை அது சுட்டும். நம் மாணவர் அதனை வினாத்தாளிற் காண்கின்றனர். பழைய மாணவரோ காரியாலயங்களிலும், நீதிமன்றங்களிலும், தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைகளிலும் காண்கின்றனர். அகராதி தரும் ஒருவரிப் பொருளோடு அமைந்துவிடின், இச்சொல்லின் ஆற்றல் விளங்காது. நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் வாழும் நாம் நன்கறிந்த பொருள்களைக் கொண்டு இதனை விளக்க முயல்வோம்.

சொல்லின் பிறப்பு

இலத்தீனில் 'பிளிக்காரே' என்னும் வினைக்கு மடித்தல் என்பது பொருள். 'இம்ப்ளிக்காரே' என்றால் உள்ளே மடித்தல், பின்னிப் பிணைத்தல். 'எக்ஸ்ப்ளிக்காரே' என்றால் மடித்ததை விரித்தல். ஆகவே 'இம்ப்ளிசிட்' என்பது மடிப்புக்குள் இருப்பது. 'எக்ஸ்ப்ளிசிட்' என்பது விரித்துக் காட்டப்பட்டது. ஒரு சேலையின் முந்தானை மடிப்புக்குள் இருக்கும்போதும் அது சேலையின் பகுதியேயாகும். அதுபோலவே, விரிக்கப்படாத கருத்தும் சொல்லின் பகுதியேயாகும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் இரண்டு சொற்களையும் மாணவர் ஒருபோதும் மாற்றி எழுதார்.

இக்குடும்பத்தில் நம்மவர்க்கு மிக நெருங்கிய வேறொரு சொல்லும் உண்டு. வேலைக்கு அமர்த்துதலைக் குறிக்கும் 'எம்ப்ளோய்' என்பதும் அதே 'இம்ப்ளிக்காரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து, பிரெஞ்சு மொழியின் வழியாக, ஆங்கிலத்துக்கு வந்ததாகும். ஒருவனைத் தொழிலில் அமர்த்துவது என்பது அவனை ஒன்றனுள் மடித்துச் சேர்ப்பது என்பதே சொல்லின் பழைய கருத்து. தோட்டத்தில் வேலையோடு வீடும், வீட்டோடு கடனும், கடனோடு குடும்பமும் ஒன்றாக மடிக்கப்பட்ட வரலாற்றை அறிந்தவர்க்கு இந்த உறவு வியப்பளியாது.

'டாசிட்' என்பது இதன் ஒருபொருட் சொல்போலத் தோன்றும். ஆயினும் வேர் வேறு. மௌனமாயிருத்தல் என்னும் பொருளுடைய 'தாக்கேரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து அது பிறந்தது. பேச்சுக் குறைந்தவரைக் குறிக்கும் 'டாசிட்டேர்ன்' என்பது அதன் உடன்பிறப்பு. எனவே பேசியதனுள் அடங்கியிருப்பது இம்ப்ளிசிட். பேசாதிருத்தலால் உணர்த்தப்படுவது டாசிட். ஒருவர் எழுதிய கடிதத்தின் உட்பொருளை இம்ப்ளிசிட் என்போம். ஒருவர் மறுக்காமல் வாளாவிருந்ததை டாசிட் சம்மதம் என்போம். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்னும் நம் வழக்கு பின்னதைச் சேர்ந்தது.

இலங்கையின் பொதுச்சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. குத்தகைக் காலம் முடிந்த பின்னரும் குத்தகைக்காரர் நிலத்திலேயே தொடர்ந்திருக்க, உரிமையாளரும் தடுக்காமல் வாடகை பெற்றுவரின், புதியதொரு குத்தகை பேசாமலே உண்டானதாகக் கொள்ளப்படும். அங்கே மௌனமே உடன்படிக்கையாகிறது.

வழக்கில் வரும் இடர்கள்

மூன்று இடங்களில் மாணவர் தடுமாறுகின்றனர். முதலாவது, 'இம்ப்ளை', 'இன்ஃபேர்' என்னும் இரு வினைகள். மடித்து வைப்பவர் பேசுபவர்; ஆகவே பேசுபவரே இம்ப்ளை செய்கிறார். மடிப்பை விரித்துப் பார்ப்பவர் கேட்பவர். ஆகவே கேட்பவரே இன்ஃபேர் செய்கிறார். முன்னது குறிப்பால் உணர்த்தல், பின்னது உய்த்துணர்தல். பேசியவர் மடித்து வையாத ஒன்றைக் கேட்டவர் விரித்தெடுத்ததாகக் கூறுவதும் உலகில் உண்டு. அதன் தீமையைப் பின்னர்க் காண்போம்.

இரண்டாவது, 'இம்ப்ளிசிட் ஃபெய்த்' என்னும் தொடர். மறைந்த நம்பிக்கை என்றோ அரைகுறை நம்பிக்கை என்றோ இதனை மொழிபெயர்ப்பார் உளர். அது தவறு. இடைக்காலக் கிறித்தவ இறையியலில், திருச்சபை கற்பிப்பது அனைத்தையும் தனித்தனியே அறியாவிடினும், சபையின்மீது கொண்ட நம்பிக்கையினுள் அவையெல்லாம் அடங்கும் என்று கொண்டனர். அதிலிருந்து, கேள்வி கேளாத முழு நம்பிக்கை என்னும் பொருள் கிளைத்தது. ஆதலின் 'இம்ப்ளிசிட் ஒபீடியன்ஸ்' என்றால் மறுபேச்சில்லாக் கீழ்ப்படிதல். பழைய தோட்டத் துரைமார் எதிர்பார்த்தது இதனையே.

மூன்றாவது, 'கொனொட்டேஷன்' என்பது. ஒரு சொல் நேரே சுட்டும் பொருள் ஒன்று. அதனோடு ஒட்டிவரும் மணம் வேறொன்று. இம்மணத்தையே அச்சொல் குறிக்கும். வாக்கியத்தின் மடிப்பு இம்ப்ளிகேஷன் எனில், தனிச்சொல்லின் மணம் கொனொட்டேஷன் எனக் கொள்ளலாம்.

நம் இலக்கணத்தில் இதன் இடம்

இக்கருத்து மேனாட்டிலிருந்து நமக்கு வந்ததன்று. நன்னூலார் சொற்கள் பொருளுணர்த்தும் முறையை வெளிப்படை, குறிப்பு என இரண்டாகப் பகுத்தார். எக்ஸ்ப்ளிசிட், இம்ப்ளிசிட் என்பவற்றுக்கு இவற்றினும் பொருத்தமான தமிழ்ச்சொற்களைத் தேடவேண்டுவதில்லை. தொல்காப்பியம் எச்சங்களை எண்ணுமிடத்துக் குறிப்பெச்சத்தையும் சேர்த்துக் கூறுகின்றது. அகப்பாட்டில் உவமையைச் சொல்லிப் பொருளைக் கேட்பவர் உணருமாறு விடும் உள்ளுறை உவமத்தையும் வகுக்கின்றது. திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71ஆம் அதிகாரம் அரசவையில் மன்னன் மனத்தை அறிதல்பற்றியது. 110ஆம் அதிகாரம் காதலர் கண்ணால் மனத்தை அறிதல்பற்றியது. ஆட்சிக்கும் அன்புக்கும் இக்கலை ஒருங்கே வேண்டப்படுவது என்பது வள்ளுவர் கருத்துப் போலும்.

வடமொழித் தருக்க நூலார் அருத்தாபத்தி என ஓர் அளவையைக் கூறுவர். பகலில் உண்ணாத ஒருவன் பருத்திருக்கின்றான் எனின், அவன் இரவில் உண்கின்றான் என்பது சொல்லாமலே பெறப்படும். பரிமேலழகர் தம் குறளுரையில் இவ்வளவையை எடுத்தாள்கின்றார். 9ஆம் நூற்றாண்டிற் காசுமீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனரோ, கவிதையின் உயிரே அதன் தொனிதான் என நிறுவினார்.

மொழிபெயர்ப்பில் இம்ப்ளிசிட் என்பதற்குக் குறிப்பான, உள்ளடங்கிய, உட்கிடையான என இடத்துக்கேற்ப எழுதலாம். சட்டப் பத்திரங்களில் 'வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ' என்பது பொருந்தும். டாசிட் என்பதற்குப் பேசாமலுணர்த்திய, சொல்லாமற் கொண்ட என்பன பொருந்தும். 'மறைமுகமான' என்பதைத் தவிர்த்தல் நன்று. ஒளித்து வைத்தல் என்னும் மணம் அதில் உண்டு. உட்கிடையான பொருள் எப்போதும் ஒளிக்கப்பட்டதன்று.

தோட்டத்துச் சொற்கள்

நன்னூலார் குறிப்புச் சொற்களின் வகையில் குழூஉக்குறியையும் அடக்குவர். ஒரு தொழிற்குழுவினர் தம்முள் வேறு பொருளில் வழங்கும் சொல் அது. தோட்டத்தில் 'பேர்' என்பது அத்தகையது. வெளியுலகில் அது பெயர். தோட்டத்தில் அது ஒருநாட் சம்பளம். செக்ரோலில் ஒருவரின் பெயருக்கு நேரே நாள் பதியப்பட்டாலன்றிக் கூலியில்லை. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. ஒரு மனிதரின் பெயர் பாதியாவது எங்ஙனம் என்று கேட்கும் புதியவர்க்கு, அச்சொல்லின் மடிப்புக்குள் ஒரு கணக்குமுறை முழுவதும் இருப்பது தெரியாது.

'துண்டு' என்பதும் அவ்வாறே. தாளின் மேல் எழுதியிருந்தது சிறியதே: இன்ன தொகை கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிப்போம் என்பது. எழுதாமல் அடங்கியிருந்தது பெரிது: கடன் தீரும்வரை அவர் போகலாகாது, கடனோ கங்காணியின் கணக்கில் வளர்ந்துகொண்டேயிருக்கும், வேறு தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆளை ஏற்றாலும், அக்கடன் அங்கும் அவரைத் தொடரும். துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எழுத்திலிருந்ததை மட்டும் படித்தவர்க்கு அது வெறும் பற்றுக் கணக்கு. உட்கிடையைப் படித்தவர்க்கு அது விலங்கு.

'கூலி' என்னும் சொல்லையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழில் அது உழைப்பின் ஊதியம். இழிவு ஒன்றும் அதில் இல்லை. ஆங்கிலத்திற் புகுந்தபோது அது ஊதியத்தை விட்டு மனிதரைக் குறிக்கலாயிற்று. கூடவே இழிவும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலச் சொல்லின் மூலத்தைக் குசராத்திலுள்ள கோலி என்னும் இனப்பெயரோடு தொடர்புபடுத்துவாரும் உளர். மூலம் எதுவாயினும், கொனொட்டேஷன் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

19ஆம் நூற்றாண்டிற் கொழும்பு ஃபேர்கசன் நிறுவனம், புதிதாக வரும் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கு ஒரு கைந்நூல் வெளியிட்டது. அதன் பெயர் 'இங்கே வா'. இதனை ஆங்கிலத்தில் ஆக்கினால் மரியாதையும் அவமரியாதையும் தோன்றா. அம்மொழியில் ஏவல்வினை யாவர்க்கும் ஒன்றே. தமிழிலோ வா, வாரும், வாருங்கள் என வினையின் ஈற்றிலேயே இருவரின் நிலையும் எழுதப்பட்டுள்ளது. தந்தை வயதினரையும் 'வா' என்று அழைக்கக் கற்றவர், தாம் ஒன்றையும் சொல்லவில்லை என்று நினைத்திருக்கலாம். அழைக்கப்பட்டவரோ அனைத்தையும் கேட்டார்.

கையறிவும் டாசிட் அறிவும்

இச்சொல்லுக்கு நற்பேறான ஒரு வழக்கும் உண்டு. ஹங்கேரியிற் பிறந்து இரசாயன அறிஞராயிருந்து மெய்யியலுக்கு வந்த மைக்கேல் போலானி, 1958இலும் 1966இலும் வெளிவந்த தம் நூல்களில் டாசிட் அறிவு என்பதனை விளக்கினார். மனிதர் தம்மாற் சொல்ல முடிந்ததைவிட மிகுதியாக அறிந்திருக்கின்றனர் என்பது அவர் கருத்து. மிதிவண்டி ஓட்டுபவர் தாம் விழாதிருக்கும் முறையைச் சொல்லால் விளக்க இயலாது, ஆயினும் அறிவார்.

மலைநாட்டில் இதற்குச் சான்று ஒவ்வொரு நிரையிலும் நிற்கின்றது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது கொழுந்தெடுத்தலின் வெளிப்படையான விதி. எந்தத் தளிரை இன்று எடுப்பது, எதனை அடுத்த சுற்றுக்கு விடுவது, வளர்ச்சி நின்று உறங்கும் மொட்டு எது, மட்டக்கம்பைத் தாழ்த்தாமற் செடியின் மேற்பரப்பைக் காப்பது எங்ஙனம் என்பனவெல்லாம் விதியில் இல்லை, விரலில் உள்ளன. கண் ஒரு தளிரைக் காணுமுன்னரே கை அடுத்ததற்குச் செல்கின்றது. தாயிடமிருந்து மகள் இதனைப் பெற்றது பாடத்தாலன்று, அருகில் நின்றதால்.

தொழிற்சாலையிலும் அவ்வாறே. கொழுந்தை வாட்டுதல், உருட்டுதல், புளிக்க வைத்தல், உலர்த்துதல் என்பன படிகள். இவற்றுள் புளிக்க வைத்தல் என்பது பெயரளவில் மட்டுமே புளித்தல். நடைபெறுவது இலையின் நொதியங்களால் ஏற்படும் ஒட்சியேற்றம். வெப்பத்தையும் ஈரத்தையும் கருவிகள் காட்டும். ஆயினும் இந்நொடி நிறுத்துக என்பதனை அனுபவம் வாய்ந்த டீமேக்கரின் மூக்கு கூறும். 1925இல் நிறுவப்பெற்றுத் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய கையறிவிற் பெரும்பகுதியை அளவுகளாகவும் அட்டவணைகளாகவும் விரித்துத் தந்துள்ளது. எனினும் முழுவதும் விரிந்துவிடவில்லை.

இதில் ஓர் அநீதியும் மடிந்துள்ளது. சொல்லில் அடங்காத அறிவைச் சம்பளப் பட்டியல் அறிவென்று கொள்வதில்லை. சான்றிதழ் உடையவர் திறமையுள்ளவர் எனப்படுவர். முப்பது ஆண்டு கொழுந்தெடுத்தவர் திறமை வேண்டாத தொழிலாளி எனப்படுவார். கற்றவராகிய நாம் டாசிட் அறிவு என்னும் தொடரைப் பயன்படுத்துங்கால் அவரையும் நினைத்தல் கடன்.

சட்டத்தின் மடிப்புக்குள்

இனி, இச்சொல் நம்மக்கள் வாழ்வையே தீர்த்த இடத்துக்கு வருவோம். 1931இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் வாக்குரிமை வழங்கப்பட்டபோது, இந்திய வம்சாவளியினரிடம் 'டொமிசைல்' என்பதற்கான சான்று கேட்கப்பட்டது. ஓரிடத்தில் வாழ்தல் மட்டும் டொமிசைல் அன்று. அங்கேயே நிலைத்திருக்கும் உள்ளக்கருத்தும் வேண்டும். உள்ளக்கருத்தோ கண்ணுக்குத் தெரியாதது, நடத்தையிலிருந்து உய்த்துணரப்படுவது. ஒருவர் இராமநாதபுரத்திலுள்ள தம் தாயைக் காணச் சென்றால், திரும்பிப் போகும் எண்ணமுடையவர் என உய்த்துணர்ந்தனர். அவர் மடித்து வைத்தது அன்பு. அதிகாரி விரித்தெடுத்ததோ அந்நியம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. அச்சட்டத்திற்குமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர், தம் தந்தையும் இலங்கையிற் பிறந்தவர் என்றோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர்கள் என்றோ காட்டினால் வம்சாவளிப் பிரசையாவார். யாவர்க்கும் ஒரே விதி. ஆயினும் தந்தையின் பிறப்புச் சான்று இல்லாதவர்களாகவும், தந்தை கடல் கடந்து வந்தவர்களாகவும் பெருந்தொகையாக இருந்தவர் யாவர் என்பதனை அன்று அறியாதார் இலர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் பதிவு பெறுதற்கு ஒரு வழி திறந்தது. 1946 சனவரி 1ஆம் தேதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்திருத்தல் வேண்டும். ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் இடப்பட்டன. பதிவு பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1949இலேயே தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, வாக்குரிமை பிரசைகளுக்கே உரியதாயிற்று. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றிருந்தது; 1952இல் ஒன்றும் பெறவில்லை.

இது நீதிமன்றத்தில் வினாவாயிற்று. எந்தவொரு சமூகத்தவர்மீதும் மற்றையோர்க்கில்லாத இயலாமையைச் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவு கூறிற்று. கோடக்கன் பிள்ளை என்பார் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கோரிய வழக்கு, உயர்நீதிமன்றத்தைக் கடந்து, இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சிலை அடைந்தது. 1953இல் தீர்ப்பு வெளிவந்தது. நேராகச் செய்யத்தகாததை ஒரு சட்டம் சுற்றுவழியாகச் செய்தால் அது செல்லாதாகலாம் என்பதனை அம்மன்றம் கொள்கையளவில் ஏற்றது. எனினும், இச்சட்டங்களினுள் அத்தகைய நோக்கம் அடங்கியிருப்பதாகக் கொள்ளவில்லை. தன் பிரசைகள் யார் எனத் தீர்மானித்தல் நாட்டின் இயல்பான உரிமை என்றும், இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கம் அதற்குப் பொருந்திய விடயமே என்றும் கூறி வழக்கைத் தள்ளிற்று. சட்டத்தின் மடிப்பை விரிக்க மறுத்த மன்றம், மக்களின் மனத்தை மட்டும் விரித்துப் படித்தது.

அதன்பின் 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பல வகுப்பறைகளில் ஒரே பலகையில் அமர்ந்தோர் இரு நாட்டவராயினர். நாடற்ற நிலை 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே தீர்க்கப்பட்டது. மடித்து வைத்த ஒரு கருத்தை விரித்து நீக்க அரைநூற்றாண்டுக்கு மேற் சென்றது.

1911 குடிசன மதிப்பிலிருந்து வழங்கிய 'இந்தியத் தமிழர்' என்னும் பெயரும் இவ்வகையினதே. அது வந்த இடத்தைச் சொல்வதுபோலத் தோன்றிப் போகவேண்டிய இடத்தைக் குறித்தது. 'மலையகத் தமிழர்' என்னும் பெயரை நம்மவர் விரும்பி ஏற்றதன் காரணம் வெறும் பெயராசையன்று. அதன் உட்கிடை இம்மண்.

மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும்

ஆங்கில ஒப்பந்தச் சட்டத்தில், எழுதாத நிபந்தனையை எப்போது ஒப்பந்தத்தினுள் அடங்கியதாகக் கொள்வது என்பதற்கு 1939ஆம் ஆண்டின் வழக்கொன்றிற் கூறப்பட்ட அளவுகோல் உண்டு. ஒப்பந்தம் பேசும்போது அருகில் நிற்கும் ஒருவர் குறுக்கிட்டு, இதனையும் எழுதுங்களேன் என்று சொன்னால், இருதரத்தாரும், அது சொல்லவேண்டியதா, தெரிந்ததுதானே என்பரேல், அந்நிபந்தனை உட்கிடையாயுள்ளது. இவ்வளவுகோலில் முதன்மையானது இருதரத்தார் என்பது. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது உட்கிடையன்று.

ஆகவே, ஆங்கிலம் கற்கும் மாணவர் ஒரு பந்தியைப் படித்தபின் மூன்று வினாக்களை எழுப்புக: சொல்லப்பட்டது யாது? சொல்லாமல் அடங்கியது யாது? அடங்காததை நாமே இட்டு நிரப்பினோமா? பரீட்சைக்குக் கற்கும் இப்பயிற்சி வாழ்க்கைக்கும் உதவும். கூட்டு ஒப்பந்தம், வீட்டுறுதி, நியமனக் கடிதம் எதுவாயினும், பெற்றோர் கையொப்பமிடுமுன் இம்மூன்றையும் கேட்டுச் சொல்லுதல் படித்த பிள்ளையின் கடமையாகும். லயத்து அறையில் நான்கு தலைமுறை வாழ்ந்தும், எழுத்தில் ஓர் உறுதியின்மையால் உரிமை கேட்க இயலாது நின்ற குடும்பங்கள் எத்தனை! அங்கே மௌனம் யாருக்குச் சம்மதமாயிற்று என்பதை நாம் அறிவோம்.

அன்பும் நட்பும் குறிப்பால் வளர்வன. அவற்றை விரித்தெழுத வேண்டுவதில்லை. உரிமையும் ஊதியமும் வெளிப்படையால் நிலைப்பன. அவற்றை மடிப்புக்குள் விடலாகாது. எதனை மடிப்பது, எதனை விரிப்பது என்று அறிதலே இச்சொல்லைக் கற்றதன் பயன்.